முள்ளம்பன்றி முள்ளில் ஒரு பெட்டி

ரொறன்ரோவுக்கு வந்து பதினொரு ஆண்டுகள் ஆகியும், இந்த மண் யாருடையது என்ற கேள்வி எனக்குள் எழுந்ததில்லை. கனடா வெள்ளைக்காரர் நாடு, நாங்கள் பின்னால் வந்து ஒதுங்கியவர்கள் என்பதே என் கணக்கு. மிசிசாகா என்றால் எனக்கு அக்கா குடியிருக்கும் நகரம். அது ஒரு முதற்குடி மக்களின் பெயர் என்பதும், ரொறன்ரோ நிலத்தை 1787இலும் 1805இலும் பிரித்தானியர் அவர்களிடமிருந்து எழுதி வாங்கியதில் எழுந்த வழக்கு 14.5 கோடி டொலர் இழப்பீட்டுடன் 2010இல்தான் தீர்ந்தது என்பதும் பிற்பாடு தெரிந்துகொண்டவை. இந்த நிலம் இன்ன முதற்குடி மக்களுடையது என்று சொல்லும் நில ஒப்புகையை நம்மவர் விழா மேடைகளிலும் இப்போது வாசிக்கிறார்கள். வாசிப்பவர் அந்தப் பெயர்களில் தடுக்கி விழுவதும், சபை கைப்பேசியைப் பார்த்திருப்பதும் வழக்கமாகிவிட்டன. நானும் அந்தச் சபையில் இருந்தவன்தான்.

சென்ற மார்கழியில், மகளின் பள்ளி வேலைக்காக, நகர நடுவில் நடந்த முதற்குடிக் கைவினைஞர்களின் பனிக்காலச் சந்தைக்குப் போனோம். வாசலைத் தாண்டியதும் புகையூட்டிப் பதப்படுத்திய தோலின் மணம் முகத்தில் அடித்தது. விறகடுப்பு மூட்டிய குசினிக்குள் நுழைந்தது போலிருந்தது. மொக்கசின் என்னும் தோல் காலணிகளின் மேல் சிறு மணிகளைக் கோத்துப் பூக்கள் தைத்திருந்தார்கள். அடுத்த மேசையில் மேற்குக் கரையின் காகமும் ஓர்காத் திமிங்கிலமும் சிவப்பிலும் கறுப்பிலும் அச்சுப்படங்களாக விரிந்திருந்தன. அந்தக் கரையில் பொட்லாச் என்னும் கொடை விழா 1885 முதல் 1951 வரை சட்டப்படி குற்றமாக இருந்தது. விழாவுக்குரிய முகமூடிகளைப் பறிமுதல் செய்து அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்தார்கள். இன்று அதே உருவங்களை வாங்க வரிசையில் நிற்கிறோம்.

என் கால்கள் நின்றது ஒரு சிறிய வட்டப் பெட்டியின் முன்னால். பேர்ச் மரப்பட்டையில் செய்த அந்தப் பெட்டியின் மூடியில், வெள்ளையும் மஞ்சளும் சிவப்புமாக ஒரு நட்சத்திரம் பளபளத்தது. ஞெகிழி என்றே முதலில் நினைத்தேன். முள்ளம்பன்றி முள் என்று மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி சொன்னார். ஹியூரன் ஏரியிலுள்ள மனிட்டூலின் தீவைச் சேர்ந்த, அனிஷினாபே என்னும் முதற்குடி இனத்து அம்மா அவர், அறுபதைத் தாண்டியிருக்கும். விலை 180 டொலர். ஊர்ப் பழக்கம் விடவில்லை. கொஞ்சம் குறைக்க முடியாதா என்று கேட்டுவிட்டேன். மகள் என் கையைக் கிள்ளினாள்.

அவர் கோபிக்கவில்லை, குறைக்கவும் இல்லை. வேலையைச் சொன்னார். பட்டை இலகுவாக உரியும் முன்கோடையில் காட்டுக்குப் போகவேண்டும். சாலையில் வாகனம் மோதிச் செத்த முள்ளம்பன்றி கிடைத்தால், அதன்மேல் தடித்த துணியைப் போர்த்தி இழுத்தால் முட்கள் துணியில் ஏறிவரும். அவற்றைக் கழுவி, பருமன் பார்த்துப் பிரித்து, சாயமேற்ற வேண்டும். பிறகு பட்டையில் ஊசியால் துளையிட்டு, நீரில் ஊறி இளகிய முள்ளை ஒரு துளையில் நுழைத்து மறு துளையால் இறக்கி, நுனிகளை உள்பக்கமாக மடிக்க வேண்டும். காய்ந்ததும் முள் இறுகிவிடும். விளிம்பில் சுற்றித் தைத்திருந்த இனிப்புப் புல்லை முகரச் சொன்னார். வனிலாவைப் போன்றதொரு மணம். தன் அம்மாவைச் சிறு வயதிலேயே, முதற்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த அரசின் விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டதால், இந்த வேலையைப் பெரியம்மாவிடமே படித்ததாக, புல்லின் நுனியைத் திருத்தியபடியே சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

முன்பு ஒரு நினைவுப்பொருள் கடையில் பன்னிரண்டு டொலருக்கு, கெட்ட கனவுகளைப் பிடிக்கும் என்று நம்பப்படும் வலை வளையமான கனவுப்பொறி ஒன்றை வாங்கி, முதற்குடியினர் செய்தது என்று நம்பி மகளின் கட்டிலுக்குமேல் தொங்கவிட்டிருந்தேன். பின்பக்கம் வேறொரு நாட்டின் பெயர் ஒட்டியிருந்ததைச் சந்தையிலிருந்து திரும்பிய இரவுதான் கவனித்தேன். செய்தவர் யார், எந்த ஊர் என்று கேட்காமல் வாங்கியது என் பிழை. இந்தப் பெட்டிக்கோ அவர் தன் பெயரையும் ஊரையும் எழுதிய சிறு அட்டை ஒன்றைத் தந்தார். 180 டொலரை எண்ணிக் கொடுத்து, மகள் சொல்லித்தந்தபடி ‘மீக்வெச்’ என்று நன்றி சொன்னேன். என் உச்சரிப்புக்கு அவர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் பருத்தித்துறையில் இருக்கும் அம்மாவுக்குக் காணொளியில் பெட்டியைக் காட்டினேன். நாற்பது வருடமாகப் பனையோலையில் கடகமும் நீத்துப்பெட்டியும் இழைத்த கை அவருடையது. விலையைக் கேட்கவில்லை, நட்சத்திரத்தையும் அதிகம் பார்க்கவில்லை.

“மூடியைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டு,” என்றார்.

முள் நுனிகள் மடிந்த இடம் தெரியாமல், உள்ளே இன்னொரு பட்டையை வெட்டிப் பொருத்தியிருந்தார் அந்த அம்மா. என் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

“மறைச்சுப்போட்டா. கெட்டிக்காரி.”