பிராக் நகரில் ஒரு பகல்: நடைத்திட்டக் குறிப்புகள்

2025 மே 5
அக்காவும் நானும் செக் நாட்டின் தலைநகரான பிராக் நகரில் இருக்கப்போவது ஒரே ஒரு பகல்தான். பார்க்க வேண்டியவை என்று நான் எழுதிவைத்த பதினேழு இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது, வில்டாவா ஆற்றை ஐந்து முறை கடக்க வேண்டியிருந்தது. அக்காவுக்கு முழங்கால் வலி உண்டு. கல் பாவிய தெருக்களும் ஏற்றமும் நிறைந்த ஊரில் இந்தப் பட்டியல் செல்லாது.

2025 மே 8
பொஹீமிய மன்னர்கள் (இன்றைய செக் நாட்டின் பெரும்பகுதியை ஆண்டவர்கள்) முடிசூட்டுக்காகச் சென்ற பாதை, பழைய நகரத்தின் வெடிமருந்துக் கோபுரத்தில் தொடங்கி, சதுக்கத்தையும் சார்லஸ் பாலத்தையும் கடந்து, கோட்டைக்கு ஏறுகிறது. அதைத் திருப்பிப்போட்டுவிட்டால் ஏற்றம் முழுவதும் இறக்கமாகிவிடும் என்பது இன்றுதான் உறைத்தது. மலோஸ்ட்ரான்ஸ்கா நிறுத்தத்தில் 22ஆம் எண் டிராம் ஏறினால், கோட்டையின் வடக்கு வாயிலுக்கு அருகிலேயே இறங்கிக்கொள்ளலாம். மன்னர்களுக்கு டிராம் கிடைக்கவில்லை.

2025 மே 11
சனிக்கிழமை என்று முடிவுசெய்திருந்தோம்; ஆனால் யோசெஃபோவ் யூதப் பகுதியின் தொழுகைக்கூடங்களும் பழைய கல்லறைத் தோட்டமும் அன்று மூடியிருக்கும். இடம் போதாமல் மண்ணிட்டு மேடாக்கி, அடுக்கின் மேல் அடுக்காகப் புதைத்ததால், ஏறத்தாழ 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் இடம் அது. அதை விட மனமில்லை என்பதால் பயணத்தையே 23ஆம் தேதி வெள்ளிக்கு மாற்றினேன். விடுதிக்காரர் மறுப்புச் சொல்லவில்லை.

2025 மே 14
பாலம்தான் பெரும் சிக்கல். 1357இல் பொஹீமிய மன்னர் நான்காம் சார்லஸ் அடிக்கல் நாட்டிய, 516 மீட்டர் நீளமுள்ள சார்லஸ் பாலம் என்ற இந்தக் கற்பாலத்தில் வரிசையாக நிற்கும் முப்பது சிலைகளை நண்பகல் நெரிசலில் பார்ப்பதைவிடப் பார்க்காமலிருப்பது மேல். ஆகவே பழைய நகரத்திலிருந்து காலை ஆறு மணிக்கே பாலத்தைக் கடந்து, மறுகரையில் காலை உணவை முடித்து, டிராமில் மேலே போய், புனித வீட்டஸ் பேராலயத்தின் கதவு ஒன்பது மணிக்குத் திறக்கும்போது வாசலில் நிற்பது என்று வைத்தேன். பாலத்தைக் கட்டியதாக மரபாகச் சொல்லப்படும் பீட்டர் பார்லர்தான் இந்தப் பேராலயத்தையும் தொடர்ந்து கட்டியவர் என்பதால், இரண்டையும் ஒரே காலையில் பார்ப்பதில் பொருத்தம் உண்டு. 1344இல் தொடங்கிய பேராலய வேலை 1929இல்தான் முடிந்தது.

அங்கிருந்து நெருடோவா தெரு வழியாக இறங்குவோம். 1770க்கு முன் வீடுகளுக்கு எண்கள் இல்லாத காலத்தில், 'மூன்று வயலின்கள்', 'இரண்டு சூரியன்கள்' என்று வாசலுக்கு மேலிருந்த சின்னங்களே முகவரியாக இருந்தன. பிறகு வால்ஸ்டைன் தோட்டத்தில் ஓய்வு. திரும்புவது மானெஸ் பாலம் வழியாக. அதில் நடந்தால் யூதப் பகுதிக்கு அருகில் போய்ச் சேரலாம் என்பதோடு, சார்லஸ் பாலத்தை முழுதாகத் தள்ளி நின்று பார்க்கவும் முடியும்.

2025 மே 18
"ஆறு மணிக்கா, தம்பி?" என்று அக்கா தொலைபேசியில் கேட்டார். பழைய நகரச் சதுக்கத்தில் உள்ள வானியல் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லிப் பேச்சை மாற்றினேன். 1410ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கடிகாரத்தின் ஒரு வளையம், பழைய பொஹீமிய முறைப்படி சூரியன் மறைவதிலிருந்து 24 மணிகளை எண்ணுகிறது. நம்மவர்கள் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதை அறிந்தவருக்கு இது விளங்காமல் போகாது. மணிதோறும் வெளிவரும் அப்போஸ்தலர் பொம்மைகளைவிட எனக்கு அந்த வளையமே முக்கியம்.

2025 மே 21
கடைசியாக ஒன்றைச் சேர்த்தேன். வெடிமருந்துக் கோபுரத்துக்குப் போகும் செலெட்னா தெருவுக்குப் பக்கத்தில், 1348இல் நிறுவப்பட்ட சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கரோலினும் கட்டடம் இருக்கிறது. இந்த ஊரில் 1927இல் பிறந்து, தமிழ் இலக்கியத்தை ஐரோப்பியருக்கு எடுத்துச் சொன்ன கமில் சுவெலபில் கற்பித்த பல்கலைக்கழகம் அது. 1968இல் சோவியத் படைகள் புகுந்த பின் அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். வாசலில் ஐந்து நிமிடம் நிற்போம். அதற்காக, கோட்டையின் பொன்வீதியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

2025 மே 22
அக்கா வந்துவிட்டார். ஐந்தேகால் மணிக்கு அலாரம் வைத்தவரும் அவரே.