எல்எஸ் இருக்கு என்றது, என் புரோகிராம் இல்லை என்றது: எர்நோவிடம் பட்ட பாடு

சிஸ்டம் புரோகிராமிங் லேப் எக்ஸாமில் எனக்கு விழுந்தது ஃபைல் காப்பி கேள்வி. ஒரு ஃபைலைத் திறந்து இன்னொன்றில் எழுத வேண்டும். எங்கே தோற்றாலும் காரணத்தைத் திரையில் காட்ட வேண்டும். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுத் தெம்பாக உட்கார்ந்திருந்தேன். எக்ஸ்டர்னல் (வெளிக் கல்லூரித் தேர்வாளர்) வந்தார். என் இன்புட் ஃபைலுக்கு சிஹெச்மாட் 000 போட்டு, படிக்கும் அனுமதியையே எடுத்துவிட்டு, "இப்ப ஓட்டும்மா" என்றார். திரையில் வந்தது: "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி". ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கமாண்டை அவரே அடித்தார். ஃபைல் கண்ணெதிரே இருந்தது.

"இருக்குன்னு எல்எஸ் சொல்லுது, இல்லைன்னு உன் புரோகிராம் சொல்லுது. இதுல யாரும்மா பொய் சொல்றது?"

எனக்குப் பேச்சே வரவில்லை.

அன்று ராத்திரி ஹாஸ்டலில் கோடை வரிவரியாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஃபைலைத் திறக்கும் எஃப்ஓப்பன் தோற்றதும் நானே எழுதிய லாக் ஃபங்ஷனைக் கூப்பிட்டிருந்தேன். அதற்கு அடுத்த வரியில்தான், எரர் எண்ணுக்கு உரிய செய்தியைத் தரும் ஸ்ட்ர்எரர். அந்த லாக் ஃபங்ஷன் 'லாக்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் ஒரு ஃபைலைத் திறக்கப் பார்க்கும், முடியாவிட்டால் சத்தமில்லாமல் திரும்பிவிடும். என் லேப்டாப்பில் அந்த ஃபோல்டர் இருந்தது, லேப் மெஷினில் இல்லை. ஒரு ஃபங்ஷன் தோற்றால் காரணத்தின் எண் விழும் இடம்தான் எர்நோ. முதல் எஃப்ஓப்பன் தோற்றபோது எர்நோவில் 13, அதாவது "பெர்மிஷன் டினைட்" என்றுதான் விழுந்தது. லாக் ஃபங்ஷன் தன் தோல்விக்கான 2ஐ, அதாவது "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி"யை, அதன் மேலேயே எழுதிவிட்டது. ஸ்ட்ர்எரர் பாவம், கையில் கொடுத்த எண்ணுக்கு அர்த்தம் சொன்னது.

இந்தப் பேப்பர் எழுதப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: தோற்ற கையோடு எர்நோவை ஒரு இன்ட் வேரியபிளில் எடுத்து வையுங்கள். பிரிண்ட்எஃப், எஃப்குளோஸ், உங்கள் சொந்த ஃபங்ஷன் எல்லாம் அதற்கு அப்புறம். "பிரிண்ட்எஃப் தோற்கவே இல்லையே, அது எப்படி எர்நோவை மாற்றும்?" என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். மாற்றலாம். ஜெயித்த ஃபங்ஷனும் எர்நோவில் எதையாவது விட்டுவிட்டுப் போக சி மொழியின் விதி இடம் கொடுக்கிறது. ஆனால் எந்த லைப்ரரி ஃபங்ஷனும் அதைப் பூஜ்யமாக்காது. அதனால் 'எர்நோ பூஜ்யமில்லை, ஆகவே தோல்வி' என்று எழுதினால் மார்க் போகும். முதலில் ஃபங்ஷன் திருப்பித் தரும் ரிட்டர்ன் வேல்யூ, பிறகுதான் எர்நோ.

விதிவிலக்கு உண்டு, வைவாவில் விரும்பிக் கேட்பார்கள். எழுத்தை எண்ணாக்கும் ஸ்ட்ர்டுஎல், எண் மேல் எல்லையை மீறினால் லாங் வகையின் உச்ச மதிப்பைத் தரும். ஆனால் அதுவே சரியான விடையாகவும் இருக்கலாம். டைரக்டரியில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கும் ரீட்டிர், டைரக்டரி முடிந்தாலும் 'நல்' (எதையும் சுட்டாத வெற்றுப் பாயிண்டர்) தரும், தோற்றாலும் 'நல்' தரும். இரண்டிலும் கூப்பிடுவதற்கு முன் நீங்களே எர்நோவைப் பூஜ்யமாக்கி, பிறகு பார்க்க வேண்டும்.

பீஎரருக்கும் ஸ்ட்ர்எரருக்கும் வித்தியாசம் என்ன என்பது வழக்கமான இரண்டு மார்க் கேள்வி. பீஎரர் நீங்கள் தரும் வார்த்தை, ஒரு கோலன், பிறகு செய்தி என்று நேராக ஸ்டாண்டர்ட் எரரில் எழுதிவிடும். ஸ்ட்ர்எரர் செய்தியின் பாயிண்டரை, அதாவது அது இருக்கும் முகவரியை மட்டும் தரும், எங்கே எப்படி எழுதுவது என்பது உங்கள் பாடு. எடுத்து வைத்த எண்ணை ஸ்ட்ர்எரருக்குத்தான் கொடுக்க முடியும், அதனால் நான் எப்போதும் அதன் கட்சி. பீஎரருக்கு 'எரர்' என்ற சொல்லைக் கொடுப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். எரர் என்பதுதான் தெரிந்துவிட்டதே, எந்த ஃபைல் என்று சொல்ல வேண்டாமா?

எண்களை மனப்பாடம் செய்யாதீர்கள். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' லினக்ஸில் 111, மேக்கில் 61. கோடில் பெயரைத்தான் எழுத வேண்டும். அதிலும் 13இன் பெயரான ஈஆக்சஸில் கடைசியில் ஒரே ஒரு எஸ்தான். அகராதிப்படி இரண்டு எஸ் போட்டு கம்பைல் ஆகாமல் விழித்தவர்களில் நானும் ஒருத்தி.

அடுத்த எக்ஸாமுக்கு நான் படித்த விதம் வேறு. ஒவ்வொரு எரரையும் வேண்டுமென்றே வரவழைத்தேன். லூப்பில் மூடாமல் எஃப்ஓப்பன் செய்துகொண்டே போனால், வரம்பு 1024 என்றிருக்கும் டெர்மினலில் 1022ஆவது தடவை "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்". இன்புட், அவுட்புட், எரர் என்று மூன்று ஏற்கெனவே திறந்திருக்கின்றனவே. டைரக்டரியை எழுதத் திறந்தால் 'இது டைரக்டரி' என்று சொல்லும் 21 உடனே வரும். அதையே படிக்கத் திறந்தால் லினக்ஸில் எஃப்ஓப்பன் ஜெயித்துவிடும், படிக்கும்போதுதான் அதே 21 வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது லினக்ஸில் 'டெவ்' டைரக்டரிக்குள் இருக்கும் 'ஃபுல்' என்ற ஃபைல். எப்போதும் நிறைந்த டிஸ்க் போல நடிக்கும். அதைத் திறந்து எஃப்பிரிண்ட்எஃப்பில் ஒரு வரி எழுதினேன், ஜெயித்ததாகவே திரும்பியது. எழுத்து பஃபர் என்ற தற்காலிக இடத்தில்தான் கிடந்தது. எஃப்குளோஸ் செய்தபோதுதான் 28, "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்". அதுவரை என் வாழ்நாளில் எஃப்குளோஸின் ரிட்டர்ன் வேல்யூவை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஃபைல் காப்பி கேள்விக்கு இந்த ஒரு சோதனையைச் சேர்த்து எழுதுங்கள், எக்ஸ்டர்னல் நிமிர்ந்து பார்ப்பார்.

த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனி வேலை) வந்தால் கதை மாறும். எர்நோ த்ரெட்டுக்கு ஒன்று, கவலையில்லை. ஸ்ட்ர்எரர் தரும் இடம்தான் எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனூ சி லைப்ரரியில் 2.32ஆம் வெர்ஷனிலிருந்து அந்தப் பயம் இல்லை. மாற்றாகச் சொல்லப்படும் ஸ்ட்ர்எரர் ஆர் ஃபங்ஷனுக்கு இரண்டு வடிவங்கள். போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொது விதி) வடிவம் இன்ட் தரும், குனூ வடிவம் பாயிண்டர் தரும். குனூ வடிவத்தில் நீங்கள் கொடுத்த பஃபரை அது தொடாமலேயே விடலாம், திரும்பி வரும் பாயிண்டரைத்தான் அச்சிட வேண்டும்.

கேம்பஸ் இன்டர்வியூவில் என்னை மடக்கப் பார்த்த கேள்வியும் இந்த வட்டாரம்தான். "சர்வர் பேரை அட்ரஸா மாத்தற கெட்அட்ர்இன்ஃபோ தோத்துது, ரிட்டர்ன் வேல்யூவை ஸ்ட்ர்எரர்கிட்ட கொடுத்தேன், 'அன்நோன் எரர் -2'ன்னு வருது. ஏன்?" இந்த முறை பேச்சு வந்தது. "அதோட கோடெல்லாம் தனிக் கணக்கு சார். ஜிஏஐ ஸ்ட்ர்எரர்னு தனி ஃபங்ஷன் இருக்கு, அதுக்குக் கொடுத்தா 'நேம் ஆர் சர்வீஸ் நாட் நோன்'னு வரும். சிஸ்டம் எரர்னு சொல்ற ஈஏஐ சிஸ்டம் கோட் வந்தா மட்டும் எர்நோவைப் பார்க்கணும்."

"உடனே எடுத்து வெச்சுக்கிட்டு" என்று சேர்த்துக்கொண்டேன். அவர் ஏன் சிரித்தார் என்று தெரியவில்லை.