பாளையங்கோட்டையில் ஒரு பின்பால் காபிக் கடை

பின்பால் மெஷின் வைத்த சின்னக் காபிக் கடை ஒன்றைப் பாளையங்கோட்டையில் திறக்க எனக்கு ஒன்றே முக்கால் வருஷம் ஆனது. உரிமம், வாடகை, அடுப்பு, பாத்திரம் எல்லாம் சேர்த்து மூன்று மாதம்தான். மீதி முழுக்க மெஷின்கள் தின்ற காலம். இதே ஆசையோடு தென்காசியிலிருந்து ஒருவரும் நாகர்கோவிலிலிருந்து ஒருவரும் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர்களிடம் வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் பன்னிரண்டு வருஷம் சரக்குக் கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசராக இருந்தவன். ஜெர்மனியில் ஒரு துறைமுகத்தில், மாலுமிகள் இளைப்பாறும் மன்றத்தின் மூலையில்தான் முதன்முதலில் பின்பால் பார்த்தேன். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நாலு காலில் நிற்கும் நீளப் பெட்டி, மேலே கண்ணாடி, உள்ளே சரிவான மரப்பலகை. 80 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டை ஸ்பிரிங் இழுத்து மேலே அனுப்பினால் அது மோதி மோதிக் கீழே இறங்கும். கீழே விரல் நீளத்தில் இரண்டு கைகள் இருக்கின்றன, ஃபிளிப்பர் என்று பெயர். பெட்டியின் இரண்டு பக்கமும் உள்ள பொத்தானை அழுத்தினால் அந்தக் கைகள் வெட்டி எழும்பும். குண்டு நடுவில் விழுந்து போகாமல் அடித்து மேலே ஏற்றிக்கொண்டே இருப்பதுதான் ஆட்டம். குண்டு உண்மையான குண்டு, அதன் அடி உள்ளங்கை வரைக்கும் வரும். அன்று கப்பலுக்குத் திரும்பும் வேன் கிளம்பும் வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஊருக்கு வந்தால் இதை வைத்து ஒரு கடை போட வேண்டும் என்று அன்றைக்கே மனசில் விழுந்துவிட்டது.

புதிய மெஷின் ஒன்று அமெரிக்காவிலேயே ஆறேழாயிரம் டாலர். கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்தால் நமக்குக் கட்டாது. கொச்சிப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு விளையாட்டுக்கூடத்தில் மூன்று மெஷின் விலைக்கு வந்தது. மூன்றும் 1990-களில் சிகாகோவில் செய்தவை. 2023 ஆகஸ்டில் மூன்றுக்கும் சேர்த்து 2,20,000 ரூபாய் கொடுத்தேன். எல்லாம் ஓடுகிற மெஷின் என்றுதான் விற்றவர் சொன்னார். கரண்ட் துண்டித்த கட்டடத்தில் டார்ச் அடித்துப் பார்த்து வாங்கியது என் தவறு. நீங்கள் போகும்போது வாடகைக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர் எடுத்துப் போங்கள். ஓட்டிக் காட்டாத மெஷினுக்குப் பழைய இரும்பு விலைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொன்றும் 110, 120 கிலோ இருக்கும். புள்ளி காட்டும் தலைப்பெட்டியை மடக்கிக் கட்டி, கால்களைக் கழற்றி, மினி லாரியில் புனலூர், ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக்கு இறக்கினோம். ஒரு மெஷினுக்குள் குண்டுகள் அப்படியே கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. மலைப்பாதை வளைவுகளில் அவை உள்ளே உருண்டு உருண்டு பிளாஸ்டிக் பாகங்களை எல்லாம் உடைத்துவிட்டன. லாரியில் ஏற்றும் முன் குண்டை வெளியே எடுத்துவிட வேண்டும். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கடைக்கு இடம் அமையாததால் திருநெல்வேலி ஜங்ஷனை ஒட்டிச் சிந்துபூந்துறையில் ஒரு தெரிந்தவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் வைத்திருந்தேன். அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வெள்ளம் வந்த கதை நெல்லைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் நாள்தான் உள்ளே போக முடிந்தது. கதவைத் தள்ளினால் கணுக்கால் வரை வண்டல். சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் முழங்காலுக்குச் சற்று மேலே இருந்தது. இரண்டு மெஷினை வேலை பார்ப்பதற்காகக் கால் மாட்டி நிறுத்தியிருந்தேன். அந்தக் கோடு அவற்றின் பெட்டி அடிக்கு நாலு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது. மூன்றாவதை இடம் அடைக்கிறதே என்று கால் கழற்றிச் செங்குத்தாக நிறுத்தியிருந்தேன். ட்ரான்ஸ்ஃபார்மர் முழுக்கச் சேறு, பிளைவுட் தேங்காய்ப் பன் மாதிரி உப்பிப் போயிருந்தது. வீட்டுக்காரர்கள் அரிசி, துணிமணி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் இழந்து நின்றார்கள். அந்த நேரத்தில் மெஷினைப் பற்றி வாய் திறக்கவே எனக்கு மனசு வரவில்லை. வண்டல் அள்ளி முடித்து, ஒரு வாரம் கழித்துத்தான் அவற்றை எடுத்துக்கொண்டு போனேன்.

அடுத்த ஒரு வருஷம் ரிப்பேர்தான். முதலில் வோல்டேஜ். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. இந்த மெஷின்களின் ட்ரான்ஸ்ஃபார்மரில் நுழையும் பிளக்கில் சின்னச் சின்ன இணைப்புக் கம்பிகள் இருக்கும். அவற்றை மாற்றிக் குத்தினால் 230-க்கு ஒத்துக்கொள்ளும். மூன்றில் ஒன்று 120-லேயே விடப்பட்டிருந்தது. வெளியே தனி ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டியிருக்கிறார்கள் போல. பார்க்காமல் நேரே நம் பிளக்கில் சொருகியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

அப்புறம் ஃபிளிப்பர் காயில், அதாவது அந்தக் கைகளை எழுப்பும் கம்பிச்சுருள். இரண்டு மெஷினிலும் சேர்த்து மூன்று காயில் எரிந்திருந்தன. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், ஆனால் காயிலின் விலையைவிடத் தபால் செலவு அதிகம். வண்ணார்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டுபோனேன். கிணற்று மோட்டார், மிக்ஸி, மாவு அரைக்கும் கிரைண்டர் என்று நாற்பது வருஷமாகக் காயில் கட்டுகிறவர். எரிந்த காயிலை வாங்கி நகத்தால் சுரண்டி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இதுல ரெண்டு கம்பில்லா சுத்திருக்கு? ஒண்ணு தடிமனா இருக்கு, ஒண்ணு முடி கனத்துல இருக்கு. எதுக்கு?”

கை வெட்டி எழும்புவதற்குத் தடித்த கம்பி, அதன் தடை சுமார் 4 ஓம். பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால் எழும்பிய கையை அப்படியே நிறுத்தி வைக்க மெல்லிய கம்பி, அது நூறு ஓமுக்கு மேல் வரும். கை முழுசாக எழுந்ததும் ஒரு சுவிட்ச் தடித்த கம்பியின் வேலையை முடித்து வைக்கும். அந்தச் சுவிட்ச் கரிந்து ஒட்டிக்கொண்டால் தடித்த கம்பியில் மின்சாரம் நிற்காமல் ஓடிக் காயில் எரிந்துவிடும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் தலையை ஆட்டினார்.

“சிங்கிள் பேஸ் மோட்டார்ல ஸ்டார்ட்டிங் காயில், ரன்னிங் காயில் இருக்கும்லா, அந்தக் கணக்குதான். வச்சிட்டுப் போங்க.”

எனக்கு அந்த நிமிஷம்தான் கடை திறந்துவிடுவோம் என்ற நம்பிக்கையே வந்தது. இரண்டு நாள் கழித்துப் போனபோது பழைய கம்பியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எண்ணி, ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்கெழுதி வைத்திருந்தார். மைக்ரோமீட்டரில் கம்பியின் கனம் பார்த்து, கையால் சுற்றும் மெஷினில் என் கண் முன்னாலேயே கட்டினார். இடது கைப் பெருவிரலால் கம்பியை வழிநடத்துகிறார், ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறவே இல்லை. மீட்டர் வைத்துப் பார்த்தேன், 4.2 ஓம். ஒரு காயிலுக்கு 300 ரூபாய் வாங்கினார். மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடை மட்டும் வீட்டில் வந்து நானே பற்றவைத்தேன். அதைத் திசை மாற்றி வைத்தால் போர்டில் இருக்கும் டிரான்சிஸ்டர் போய்விடும், அதனால் ஒவ்வொரு காயிலிலும் கோடு இருக்கும் முனையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

குண்டு கிடைப்பது சுலபம். விட்டம் 27 மில்லிமீட்டர், பெரிய பேரிங் கடையில் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். ஆடுபலகையைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள் நம் வெயிலில் விறைத்துப் பொடிந்துவிடும். சிலவற்றுக்கு டிராக்டர் உதிரிபாகக் கடையின் ஓ-ரிங் பொருந்தியது. ஃபிளிப்பர் கைகளுக்கு மட்டும் அசல் ரப்பர்தான் வேண்டும், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் முன்கூடமும் திண்ணையும் 2025 பிப்ரவரியில் வாடகைக்கு அமைந்தது. அடுத்த சிக்கல் தரையில். பழைய வீட்டுத் தளத்தை, கழுவி விடும் தண்ணீர் முற்றத்துக்கு ஓடட்டும் என்று வாட்டமாகப் போட்டிருப்பார்கள். பின்பால் பலகை முன்னும் பின்னும் சுமார் ஆறரை டிகிரி சரிய வேண்டும், இடமும் வலமும் மயிரிழை சாயக் கூடாது. சாய்ந்தால் குண்டு ஒரு பக்கமே ஒதுங்கி ஆட்டம் கெட்டுவிடும். கொத்தனாரைக் கூப்பிட்டு, கடப்பாக் கல் துண்டுகளைக் காலடியில் கொடுத்து, கண்ணாடியை எடுத்துவிட்டுப் பலகை மேலேயே ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். அரை நாள் வேலை. இப்போதும் மாதம் ஒருமுறை ரசமட்டம் வைத்துப் பார்க்கிறேன்.

உரிமங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாநகராட்சித் தொழில் உரிமம். வீட்டு மின் இணைப்பை வணிக இணைப்பாக மாற்றுவது. உணவுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு, நான் எடுத்தபோது வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் வருஷத்துக்கு 100 ரூபாய்க் கட்டணம். எல்லாம் ஆன்லைனில் முடிந்தது. வாடகை ஒப்பந்தத்தில் உள்ள கதவு எண்ணும் சொத்துவரி ரசீதில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலிலேயே பாருங்கள். எனக்கு இரண்டு வாரம் அதில்தான் போனது.

திறப்பதற்குப் பத்து நாள் முன்னால் “சூதாட்ட மெஷின் இறக்குகிறார்கள்” என்று யாரோ சொல்லி, காவல் நிலையத்திலிருந்து விசாரிக்க வந்தார்கள். நான் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தச் சந்தேகம் நம் ஊருக்குப் புதிதில்லை. நியூயார்க் நகரத்திலேயே 1942-இல் மேயர் லா கார்டியா இதைச் சூதாட்டம் என்று தடை செய்து, மெஷின்களைச் சம்மட்டியால் உடைக்க வைத்தார். அன்றைய மெஷின்களில் ஃபிளிப்பர் கிடையாது, அது வந்தது 1947-இல்தான். குண்டை அனுப்பிவிட்டு, அது எந்தக் குழியில் விழுகிறது என்று பெரும்பாலும் பார்த்துக்கொண்டு நிற்கும் ஆட்டமாக இருந்தபோது அப்படி நினைத்ததில் நியாயமும் உண்டு. ஃபிளிப்பர் வந்து ஏறக்குறைய முப்பது வருஷம் ஆகியும் தடை நீடித்தது. 1976-இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றக் குழுவின் முன்னால், குண்டு இந்தப் பாதையில்தான் போகும் என்று முன்கூட்டியே சொல்லி அப்படியே அனுப்பிக் காட்டினார். அதன் பிறகுதான் தடை நீங்கியது. நம் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமும் திறமையால் ஆடும் ஆட்டத்துக்கு விலக்குக் கொடுக்கிறது.

வந்த இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். “ஜெயிச்சா என்ன கிடைக்கும்?” என்றார். காசு கிடையாது, நிறையப் புள்ளி எடுத்தால் இன்னொரு ஆட்டம் இலவசம் என்றேன். “அதையும் எடுத்துடுங்க. நாளைக்கு ஒருத்தன் பேச்சுக்கு இடம் இருக்கக் கூடாது” என்றார். நல்ல யோசனை. அமெரிக்காவிலும் அந்த இலவச ஆட்டத்தை வைத்து வழக்குகள் நடந்திருக்கின்றன. மெஷினின் செட்டிங்கில் அதை நிறுத்தினேன். காசு போடும் வாயையும் அடைத்தேன். இப்போது நேரக் கணக்குதான், அரை மணிக்கு 60 ரூபாய்.

சாப்பாடு என் மனைவியின் பொறுப்பு. எண்ணெய்க் கையோடு யாரும் மெஷினைத் தொடக் கூடாது என்பதால் தின்பது குடிப்பது எல்லாம் திண்ணையில், ஆட்டம் கூடத்தில், இரண்டுக்கும் நடுவே கை கழுவும் இடம் என்று பிரித்தது அவள்தான். பில்டர் காபி, டீ, உடன்குடிக் கருப்பட்டி போட்ட சுக்குக் காபி, உளுந்த வடை, சனி ஞாயிறு மட்டும் முந்திரிக்கொத்து. வாடகையை அடைப்பது காபியும் வடையும்தான். மெஷின் வருமானம் மெஷினுக்கே சரியாக இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

2025 மே மாதம் திறந்தோம். கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள் என்று எதிர்பார்த்தேன், வந்தார்கள். எதிர்பார்க்காதது வேறு. செவித்திறன் குறைந்தோருக்கான பழைய பள்ளி ஒன்று பாளையங்கோட்டையில் இருக்கிறது. காது கேளாத இளைஞர்கள் மூன்று பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அவர்களில் ஒருவர், தையல் வேலை பார்க்கிறவர், ஆடும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு உள்ளங்கையையும் பெட்டியின் விளிம்பில் அப்பிப் பதித்திருந்தார். குண்டு எங்கே மோதியது என்று மரம் அவர் கைக்குச் சொல்லிவிடுகிறது. ஆட்டம் முடிந்ததும் இடது பக்க ஃபிளிப்பரைக் காட்டி, கை சற்றுத் தளர்கிறது என்று சைகையில் சொன்னார். கழற்றிப் பார்த்தேன், உள்ளே ஒரு ஸ்க்ரூ அரைச் சுற்றுக் கழன்றிருந்தது. எனக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் இருக்கும்போது ஏதாவது ஒன்று நிற்கும். அதற்காகவே கல்லாவுக்குக் கீழே தனிப் பெட்டி வைத்திருக்கிறேன்: கட்டி வைத்த இரண்டு காயில், பியூஸ், ரப்பர், பற்றவைக்கும் இரும்பு, ஒரு டார்ச். காயில் கட்டுகிற அண்ணாச்சி வாரம் ஒருமுறை சுக்குக் காபிக்கு வருவார். காசு வாங்க மாட்டோம் என்றால் உட்கார மாட்டார், அதனால் வாங்கிக்கொள்கிறோம். ஆடியது ஒரே ஒருமுறை. மற்ற நாளெல்லாம் மெஷின் பக்கத்தில் நின்று, காயில் சூடாகிறதா என்று மட்டும் கேட்பார்.

வெள்ளத்தில் நனைந்த மூன்றாவது மெஷினை இன்னும் கைவிடவில்லை. ஆடுபலகை தப்பிவிட்டது. ஆசாரி புதுப் பெட்டிக்கு நாலு பக்கமும் அறுத்து வைத்துவிட்டார். ட்ரான்ஸ்ஃபார்மர் வண்ணார்பேட்டையில் வார்னிஷ் காய்ந்துகொண்டிருக்கிறது. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்குள் இதையும் ஓட வைத்துவிட வேண்டும்.