அறுபத்தொரு நாள்

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு வாழ்த்து அனுப்பினேன். பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர். அதற்கு மேல் ஒரே லிஸ்டில் சேர்க்க வாட்ஸ்அப் விடாது. சாயங்காலம் மெசேஜை அழுத்திப் பார்த்தால், போய்ச் சேர்ந்தது 61 பேருக்கு. என் நம்பரைச் சேவ் செய்து வைத்திருப்பவர்களுக்குத்தான் போகுமாம். போன் அணைந்து கிடந்த நாலைந்து பேரைக் கழித்தாலும், 190 பேர் போனில் எனக்குப் பெயரே இல்லை. அவர்களில் ஒருவர் என்னிடம் மூன்று தடவை வஞ்சிரக் கருவாடு வாங்கியவர். ஒரு வருஷமாக யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்?

"இன்னாத்துக்குடி அதையே பாத்துனு கீற?" அம்மா, கட்டிலிலிருந்து.

ஏப்ரல் 15

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை. எண்ணிப் பார்த்தேன், அதுவும் 61.

ஏப்ரல் 17

அவமானம். ஒரே மெசேஜை எழுதி வைத்துக்கொண்டு, ஊரை மட்டும் மாற்றி மாற்றி 38 மெஸ்காரர்களுக்கு அனுப்பினேன். பெங்களூர்க்காரருக்குப் போனதில் ‘உங்கள் மதுரைக் கடை மீன் குழம்பைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன் சார்’ என்று இருக்கிறது. அவர் கடை மதுரையில் இல்லை. நான் எதுவும் கேள்விப்படவும் இல்லை. அழிக்கப் போவதற்குள் இரண்டு நீல டிக்.

ஏப்ரல் 18

பதில் இல்லை. பெரிய வெள்ளி, கடை லீவாக இருக்கும்.

ஏப்ரல் 23

காலை ஏழு மணிக் கூட்டம். தொழில் செய்பவர்கள் ஒருவருக்கொருவர் ஆள் பிடித்துக் கொடுக்கும் கூட்டம். டிபனோடு 600 ரூபாய், பொங்கலில் நெய் வாசனைகூட இல்லை. ஆளுக்கு 40 விநாடி பேச வேண்டும். நான் ‘கருவாடு’ என்றதும் மேஜையைச் சுற்றி ஒரு சிரிப்பு ஓடி அடங்கியது. இன்ஷூரன்ஸ்காரர் என் கையைக் குலுக்கிக்கொண்டே என் தோளுக்குப் பின்னால் வேறு யாரையோ தேடினார். கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், நானும் அவருடைய கார்டில் இருந்த நம்பரைத்தான் பார்த்தேன், மூஞ்சி ஞாபகமில்லை. 27 கார்டு சேர்ந்தது. வெள்ளைச் சட்டை பெரியவர் ஒருவர் மட்டும், அட்டைப்பெட்டி வியாபாரம், கேள்வி கேட்டார்: "பையை முள்ளு குத்தாதாம்மா?"

குத்தாது என்றேன்.

ஏப்ரல் 29

குத்தியிருக்கிறது. கோயம்புத்தூர் பார்சல் திரும்பி வந்துவிட்டது, நாற்றம் என்று காரணம் எழுதி. வேக்யூம் பை கருவாட்டோடு ஒட்டி விறைத்து இருக்க வேண்டும், தொளதொளவென்று கிடந்தது. ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துத் தடவித் தடவிப் பார்த்தேன். காரப்பொடி மீனின் முதுகு முள் ஒன்று, தலைமுடி கனம்கூட இல்லை, பிளாஸ்டிக்கைத் துளைத்து நகக்கண் அளவுக்கு வெளியே நின்றது. விரலில் ஏறிவிட்டது.

பெரியவருக்குப் போன் செய்தேன். பெட்டியோடு வருவார் என்று நினைத்தால், "பெட்டியில ஒண்ணும் இல்லம்மா, பைதான் மெலிசு. முள்ள கத்தரியால நறுக்கிட்டு, பட்டர் பேப்பர் சுத்திப் போடு" என்றார். கனமான பை கிடைக்கும் கடைக்கு வழியும் சொன்னார், மின்ட் தெருவில் இறங்கி இரண்டாவது சந்து. அவருக்கு இதில் பத்துப் பைசா கிடையாது. லேபிளில் உணவுப் பாதுகாப்பு நம்பர் 14 இலக்கமும் தெளிவாக விழுகிறதா என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கடைசி மூன்று அழிந்திருந்தது.

மற்ற 26 கார்டும் டிவி மேல் இருக்கின்றன.

மே 4

கத்திரி ஆரம்பம். ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லாததால் காசிமேட்டில் கொஞ்சம் நெத்திலி கிடைத்தது, விலையைக் கேட்டால் வயிறு கலங்குகிறது. மாடியில் வலை விரித்துக் காயப் போட்டு, கம்போடு காக்காய்க்குக் காவல். கால் கொப்புளம். கீழேயிருந்து அரை மணிக்கு ஒரு குரல்: "திருப்பிப் போட்டியாடி?"

மே 9

லிஸ்டில் 64.

மே 12

ராத்திரி 2:40-க்கு ஒரு மெசேஜ். ‘பால் சுறா கருவாடு இருக்கா?’ தானாகப் போகும் பதில் போயிருக்கிறது: ‘வணக்கம்! எங்கள் கேட்லாக்கைப் பாருங்கள்!’ காலையில் படித்தபோது அந்த இரண்டு ஆச்சரியக்குறியும் கண்ணை உறுத்தின.

அம்மாவிடம் சொன்னேன். "அந்நேரத்துக்குப் பால் சுறா கேக்கறான்னா வூட்ல கொயந்த பொறந்துக்கீது, தாய்க்குப் பால் சொரக்கத்தான். யாருக்குன்னு கேளு." கேட்டேன். பதினோரு நாள் ஆன குழந்தை. மாமியார் இல்லை, அம்மா இல்லை, அவரே சமைக்கிறார், சுறாப் புட்டு எப்படிச் செய்வதென்று தெரியவில்லை. அம்மா போனை வாங்கி நாலு நிமிஷம் பேசி அனுப்பினாள். வெந்நீரில் ஊறப் போடு, தோலைச் சுரண்டு, மண் போக மூணு தண்ணி அலசு, பூண்டு மட்டும் கஞ்சத்தனம் பண்ணாத நைனா.

எங்களிடம் பால் சுறா இல்லை. தடைக்காலம் முடிகிற வரை கிடைப்பது கஷ்டம். காசிமேட்டு அக்காவிடம் பழைய சரக்கு இருக்கும், அவளும் இப்போது ஆன்லைனில் விற்கிறாள், என் படங்களை எடுத்துத்தான் ஆரம்பித்தாள். அம்மா முறைத்தாள். நம்பரைக் கொடுத்தேன். கொடுத்த பிறகு மத்தியானம் முழுக்க வயிறு எரிந்தது.

மே 13

புட்டு உதிரியாக வந்ததாம், படம் அனுப்பினார். என் நம்பரைச் சேவ் செய்தாரா என்று கேட்க வாய் வரை வந்தது.

மே 21

ரீல்ஸ் போடும் ஒரு பெண்ணுக்கு இரண்டு கிலோவும் 5,000 ரூபாயும். வேண்டாம் என்று எனக்கே தெரியும், அம்மாவின் மருந்துச் சீட்டைப் பார்த்த பயத்தில் கொடுத்துவிட்டேன். 40,000 பேர் பார்த்திருக்கிறார்கள். கீழே ‘பிரைஸ்’ ‘பிரைஸ்’ ‘பிரைஸ்’. ஒவ்வொருவருக்கும் பதில் போட்டேன், கட்டை விரல் வலிக்கிறது. ஆர்டர் 3. அதில் ஒன்று கேன்சல்.

பெங்களூர்க்காரர் அதைப் பார்த்திருக்கிறார்.

மே 26

ஈரோட்டு அக்கா ஒன்பது மணிக்குக் கூப்பிட்டாள். மஞ்சள் தூள் விற்கிறாள். ஆறு மாதமாகப் பேசுகிறோம், நானும் அவளிடம் வாங்கியதில்லை, அவளும் என்னிடம் வாங்கியதில்லை. எந்தக் கூரியர் எந்த ஊரில் எத்தனை நாள் தூங்கும் என்பதுதான் பேச்சு. இன்றைக்கு நடுவில் நிறுத்தி, "ஏன் கண்ணு, என்னையும் சார்னு கூப்ட்டு மெசேஜ் போட்டிருந்தீங்களே?" என்றாள். மெஸ்காரர்களுக்கு அனுப்பிய அந்த 38-ல் அவள் நம்பரும் தவறிச் சேர்ந்திருக்கிறது! ஒரு மாதம் அடக்கி வைத்திருந்து கேட்கிறாள். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வர நேரமாயிற்று.

மருமகள் வீட்டார் சென்னை வரும்போது அரைக் கிலோ நெத்திலி வாங்கிக்கொள்வார்களாம்.

ஜூன் 2

அம்மாவுக்கு ஸ்கேன்.

ஜூன் 5

பெங்களூர்க்காரர்! 49 நாள் கழித்து.

‘நான் மதுரை இல்லம்மா. ராயபுரம் கல்மண்டபத்துல பொறந்தவன். மார்க்கெட் இன்னும் அதே இடத்துலதான் இருக்கா?’

என்ன பதில் போடுவது என்று ஒரு மணி நேரம். கேட்லாக்கை ஒட்டப் போய், எடுத்துவிட்டேன். மன்னிப்பு மட்டும் கேட்டேன். நாளைக்கு மார்க்கெட்டைப் படம் எடுக்க வேண்டும்.

ஜூன் 11

ஆறு நாளாக விலையே பேசவில்லை. மார்க்கெட் படம், புனித இராயப்பர் கோயில் கோபுரம், தார் பூசி வெயிலில் மினுங்கும் விசைப்படகு, வலை பின்னுகிற தாத்தாவின் கால் விரல். இன்றைக்குத்தான் கேட்டார்: சென்னாக்குன்னி, அந்தப் பொடி இறால் கருவாடு, 100 கிராம். மெஸ்ஸுக்கு இல்லை, அவர் ஒருவருக்கு. வாரம் பத்துக் கிலோ என்று கணக்குப் போட்டு வைத்திருந்த எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது, பொய் சொல்ல மாட்டேன்.

சும்மா அனுப்பிவிடலாமா என்றேன். அம்மாவுக்குக் கோபம். "காசு வாங்கு. ஓசில குத்தா அடுத்த வாட்டி கேக்கக் கூச்சப்படுவான்."

முப்பது வருஷம் தலையில் கூடை சுமந்தவள். வாங்கினேன். கூரியர் செலவுதான் அதிகம்.

ஜூன் 13

துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறார்கள். தெரு முழுக்க டீசல் வாசனை. லிஸ்டைப் பார்த்து நாலு நாள் ஆகிறது, இப்போது எழுதும்போதுதான் ஞாபகம் வந்தது. சரி, பார்க்கவில்லை.

(பார்த்தேன். 71.)

ஜூன் 14, சனி

நள்ளிரவுக்குப் படகுகள் கிளம்பும். விளக்கையாவது பார்க்க வேண்டும் என்கிறாள் அம்மா. மாடிக்கு 19 படி. எதிர்வீட்டுப் பையன்கள் நாற்காலியோடு தூக்குகிறேன் என்றார்கள். டாக்டர் சொன்னதை அவளுக்கு ஞாபகப்படுத்தினேன், "அவன் கெடக்கான்" என்றாள். பெங்களூரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கிறது, இன்னும் கேட்கவில்லை. பையன்கள் வந்துவிட்டார்கள்