பெரியப்பாவின் பல்செட்டும் ஒரு கிலோ கறியும்

பெரியப்பா வருகிறார் என்றால் எங்கள் வீட்டில் ஒரே கவலைதான், கறி நன்றாக வேகுமா? அவருக்கு மேல்வரிசை முழுக்கப் பல்செட். போன தீபாவளிக்கு ஒரு தொடைக்கறித் துண்டோடு மல்லுக்கட்டியதில் அது கழன்று ரசத்தில் விழுந்தது. யாரும் சிரிக்கக் கூடாது என்று அம்மா கண்ணாலேயே மிரட்டினார்.

இந்த முறை அப்பா விடியற்காலையிலேயே போய் வாங்கி வந்தார். "இளங்கறிண்ணே, வெண்ணெய் மாதிரி வேகும்" என்று கடைக்காரர் சொன்னாராம். அம்மா விரலால் அமுக்கிப் பார்த்தார். "இந்த ஆடு எனக்கு மூத்ததா இருக்கும் போலிருக்கே!"

ஆட்டுக்கு வயது ஏற ஏறத் தசையைப் பிணைத்திருக்கும் ஜவ்வு முறுக்கேறிப் போகும். போதாததற்கு, அறுத்துச் சில மணி நேரத்தில் கறி விறைத்தும் விடும். ஒரு ராத்திரி பிரிட்ஜில் கிடந்தால் தானாகத் தளரும். இதை அப்பா ஒவ்வொரு ஞாயிறும் எங்களுக்குப் பாடம் நடத்துவார். ஒரு சனிக்கிழமையாவது கறி வாங்கியிருக்கிறாரா என்றால் இல்லை.

அம்மா பப்பாளிக்காயை அரைத்து, இரண்டு ஸ்பூன் மட்டும் எடுத்து, தயிர், உப்போடு பிசறி வைத்தார். காயின் பாலில் இருக்கும் பப்பாயின் என்ற நொதி புரதத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். அரை மணி நேரம் தாராளம். அம்மா குளிக்கப் போன நேரத்தில் அத்தை உள்ளே வந்து கறியைப் பார்த்தார். பெரிய மனசு அவருக்கு. மிச்சமிருந்த காயையும் துருவிக் கலந்துவிட்டு, யாரிடமும் மூச்சு விடவில்லை. பெரியப்பா வந்த பஸ்ஸோ மேலூரில் பஞ்சர். கறி பாட்டுக்கு ஊறிக்கொண்டே இருந்தது.

அப்புறம் குக்கர். விசில் எண்ணும் பொறுப்பு அப்பாவுக்கு. அவர் கணக்கில் எட்டு. அதில் மூன்று பக்கத்து வீட்டுத் துவரம்பருப்பு என்பது அம்மாவின் கட்சி. உண்மையில் விசிலுக்கும் வேக்காட்டுக்கும் பெரிய சம்பந்தமில்லை. அழுத்தத்தில் உள்ளே சூடு கிட்டத்தட்ட 120 டிகிரிக்குப் போகும். ஜவ்வு கரைந்து ஜெலட்டினாக அந்தச் சூட்டில் கொஞ்ச நேரம் இருந்தால் போதும். தீயைக் குறைத்து வைத்தால் விசிலே வராமலும் வெந்துவிடும். இதை எங்கள் அடுப்படியில் நின்று சொல்லும் தைரியம் யாருக்கு வரும்? "எதுக்கும் இருக்கட்டும்" என்று அத்தை கொட்டாங்குச்சித் துண்டு ஒன்றையும் உள்ளே போட்டிருந்தார். கொதிக்கிற குழம்பில் கிடந்து அது கறியை என்ன செய்யும் என்று அப்பா கேட்டதற்கு, "எங்க மாமியார் போடுவாங்க" என்று பதில் வந்தது. அதற்கு மேல் என்ன பேச?

மூடியைத் திறந்ததும் வாசனை தெருமுனை வரை போயிருக்கும். கரண்டியை விட்டால் கறிதான் இல்லை. நார்நாராக ஏதோ மிதந்தது.

பெரியப்பா இரண்டு வாய் சாப்பிட்டார். "குழம்பு நல்லா கெட்டியா இருக்கும்மா. கறி இனிமேதான் வருமா?"

அத்தை பதறிப்போய்ச் சட்டியைத் துழாவி, கையில் அகப்பட்ட ஒரே பெரிய துண்டை அவர் இலையில் போட்டார். பெரியப்பா அதை எடுத்து, பல்செட்டுக்கு வலிக்காமல் ஓரமாக வைத்து, ரொம்ப நேரம் உறிஞ்சினார். திருப்பி வைத்தும் உறிஞ்சினார்.

"ஏன்டா தம்பி, நல்லியில ஒன்னுமே இல்லையேடா?"

அப்பா எட்டிப் பார்த்தார். அத்தையையும் ஒருமுறை பார்த்தார்.

"ஆமாண்ணே, கடையை மாத்தணும்."