டிஸ்லெக்சியா டெஸ்ட்: அலைய வைத்தது டெஸ்ட் இல்லை, பேப்பர்

எங்கள் குழந்தைக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தையும் ஒலியையும் இணைத்து வாசிப்பதில் வரும் சிரமம், இருக்கிறதா என்று பார்க்கப் போனோம். முதல் நடையே வீண். போய் உட்கார்ந்ததும் டெஸ்ட் எடுப்பவர் கேட்டது, "காது டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே?" கண் டெஸ்ட் இருந்தது, காது இல்லை. காது சரியாகக் கேட்காத குழந்தையும் ஒலிகளைப் பிரிக்கத் திணறும். காதில் குறை இல்லை என்று உறுதிசெய்யாமல் டிஸ்லெக்சியா என்று எழுத முடியாது. நியாயம்தான். அப்பாயின்ட்மென்ட் தரும்போதே போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நோட்டும் கேட்பார்கள். அழகான ஃபேர் நோட்டைக் கொண்டுபோகாதீர்கள், அது போர்டைப் பார்த்து எழுதியது. டிக்டேஷன் நோட்டைக் கொடுங்கள். ஒரே பக்கத்தில் 'பள்ளி' என்பது 'பல்லி', 'பளி', 'பள்லி' என்று மூன்று உருவத்தில் இருக்கும். அதுதான் அவர்களுக்கு வேண்டும். கண்ணாடி போடும் குழந்தை என்றால் கண்ணாடியை மறக்க வேண்டாம்.

அறிவுத்திறன் சோதனைக்கே ஒரு மணி நேரம் போகும். வாசிப்பு, எழுத்துச் சோதனைகளையும் அதே நாளில் மதியத்துக்குத் தள்ளினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், இன்னொரு நாள் காலை கேளுங்கள். களைத்த குழந்தையின் மதிப்பெண் களைப்பைத்தான் காட்டும். 'தபுமி', 'நொகீடு' மாதிரி அர்த்தமில்லாத சொற்களையும் படிக்கச் சொல்வார்கள். பழகிய சொல்லைப் பார்வையிலேயே ஊகித்துத் தப்பிக்கிற குழந்தை இங்கே மாட்டிக்கொள்ளும். வீட்டில் பயிற்சி கொடுத்து இதைக் கெடுத்துவிடாதீர்கள். தமிழில் எழுத்துக்கூட்டினால் சொல் வந்துவிடும், அதனால் தப்பு குறைவாகத் தெரியலாம், நேரம்தான் காட்டிக்கொடுக்கும். ஸ்டாப்வாட்ச் வைத்துப் படிக்கச் சொன்னார்களா என்று கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் பெர்சென்டைல் 16 என்றால் நூற்றுக்கு 16 மார்க் இல்லை. அதே வயதுக் குழந்தைகள் நூறு பேரில் சுமார் 16 பேர் அந்த அளவிலோ அதற்குக் கீழோ என்று பொருள். மொத்த ஐக்யூவை (அறிவுத்திறன் எண்ணை) மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். சராசரிக்குள் இருக்கும் மொத்த எண்ணுக்குள் நினைவுத்திறன் எண் தனியாகச் சரிந்து கிடக்கலாம்.

இரண்டாவது அடி இங்கேதான். "வாசிப்பில் சிரமம் உள்ளது" என்று மட்டும் எழுதித் தந்தார்கள். பள்ளி திருப்பி அனுப்பியது. நோயறிதல் என்ன, எந்தெந்த டெஸ்ட், என்ன மதிப்பெண், தேர்வில் கூடுதல் நேரம் வேண்டுமா, கேள்வியைப் படித்துக்காட்ட ஆள் வேண்டுமா, எல்லாம் எழுத்தில் வேண்டும். கையெழுத்தும் தேதியும் இருக்கிறதா, பெயரும் பிறந்த தேதியும் பள்ளிப் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். எங்கள் மூன்றாவது நடை ஒரே ஒரு இனிஷியலைத் திருத்தத்தான்.