அரசியல் விஞ்ஞானத்தில் ஏ எடுக்க 29ஆம் பிரிவைப் பிடியுங்கள்

உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது. அரசியல் விஞ்ஞானத்தில் ஏ. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியை மட்டும் கேட்காதீர்கள், சட்டபீட ஆசை அதோடு போச்சு. கைவிடாதது இந்த ஒரு பாடம்தான். அதிலும் என்னைத் தூக்கிவிட்டது பெரும்பான்மை ஆட்சி, சிறுபான்மையோர் பாதுகாப்பு பற்றிய கட்டுரை.

டியூசன் நோட்ஸில் "சோல்பரியின் 29(2) சிறுபான்மையினருக்குக் காப்பீடு" என்று ஒரு வரி இருக்கும். சுதந்திர இலங்கையின் முதல் யாப்பான சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவைத்தான் சொல்கிறது. எல்லாரும் அதை எழுதுவார்கள். நீங்கள் அந்தக் காப்பீடு வேலை செய்ததா என்று எழுதுங்கள்.

மற்றச் சமூகங்களுக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்துக்கு மட்டும் பாராளுமன்றம் விதிக்க முடியாது என்றது அந்தப் பிரிவு. சரி, 1948 பிரஜாவுரிமைச் சட்டம் என்ன செய்தது? எந்தச் சமூகத்தின் பெயரையும் சொல்லவில்லை. தகப்பன் எங்கே பிறந்தார், பாட்டன் எங்கே பிறந்தார் என்றுதான் கேட்டது. தோட்ட லயத்தில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரிடம் அதற்குக் கடதாசி ஏது? 1949இல் வாக்குரிமையும் பிரஜைகளுக்கு மட்டும் என்றானது. 1947இல் 7 ஆசனம் எடுத்த இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு 1952இல் ஒன்றுமே இல்லை. இதை எதிர்த்த கோடகன்பிள்ளை வழக்கில், தன் பிரஜைகள் யார் என்று பாராளுமன்றம் தீர்மானிப்பது இயல்புதான் என்று 1953இல் கோமறைக் கழகம் (லண்டனில் இருந்த, அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றம்) சொல்லிவிட்டது.

அடுத்து கோடீஸ்வரன் வழக்கு. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுதாததால் சம்பள உயர்வு நின்ற அரச ஊழியர். 1964இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்கு வழக்குப் போடவே முடியாது என்றது. போடலாம் என்று 1969இல் கோமறைக் கழகம் திருப்பி அனுப்பியது. ஆனால் சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய 1956 மொழிச்சட்டம் 29ஐ மீறுகிறதா என்ற கேள்வியை அது தொடவில்லை. 1971இல் அங்கே மேன்முறையீடு நின்றது, 1972 யாப்பில் 29ஆம் பிரிவே இல்லை.

இந்த இரண்டு வழக்கையும் ஆண்டோடு எழுதினால் போதும் என்பேன். மிச்சம்:

- "பெரும்பான்மை" என்று மொட்டையாக எழுத வேண்டாம். வாக்கிலா, ஆசனத்திலா? 1970இல் சுதந்திரக் கட்சி தலைமையிலான ஐக்கிய முன்னணி பாதி வாக்குக்கூட எடுக்காமல் 151இல் 116 ஆசனம் பிடித்தது. சுதந்திரக் கட்சியை விடக் கூடுதல் வாக்கு எடுத்த ஐ.தே.க.வுக்கு 17.
- 1978 யாப்பு என்றால் விகிதாசாரத் தேர்தல், 12ஆம் உறுப்புரை (சமத்துவம்), 126ஆம் உறுப்புரை (அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போவது). நான்கு வரி.
- பெரும்பான்மையின் கொடுங்கோன்மை பற்றி எழுதிய மில், டொக்வில் மேற்கோள் ஒன்று காணும். எனக்கு மனப்பாடம் ஏறாது, அதனால் இப்படிச் சொல்கிறேன். ஏறுகிறவர்கள் இரண்டு போடுங்கள்.
- ஒப்பீடு கேட்டால் பெல்ஜியம். அங்கே விசேட சட்டத்துக்கு மூன்றில் இரண்டு மட்டும் போதாது, டச்சு, பிரெஞ்சு மொழிக் குழு ஒவ்வொன்றிலும் பெரும்பான்மை வேண்டும். யாப்பைத் திருத்த சோல்பரியின் 29(4) கேட்டது வெறும் மூன்றில் இரண்டு. இந்த வித்தியாசத்தைக் கடைசிப் பந்தியில் வையுங்கள்.